வண்டி கட்டி வந்தவர்கள்

மேட்டூர் அணையில் தண்ணீர் இறங்கினால் பண்ணவாடி பக்கம் நந்தி தெரியும். எங்கள் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிப்பின் இறுதியாண்டு ஆவணப்படம் அந்த ஒரு வரியில்தான் தொடங்கியது. 1925-ல் வேலை ஆரம்பித்து 1934 ஆகஸ்டில் அணை திறக்கப்பட்டது. காவிரிக் கரையில் இருந்த ஊர்கள் நீர்த்தேக்கத்துக்குள் போயின. ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தியும் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரங்களும் மட்டும் வறண்ட கோடைகளில் தலை காட்டும். 2024 மே மாதம் நாங்கள் போனபோது, முழுக் கொள்ளளவுக்கு 120 அடி நிற்க வேண்டிய தண்ணீர் 50 அடிக்குப் பக்கத்தில் கிடந்தது.

மூன்று பேர், இரண்டு பைக், ஒரே ஒரு நாளுக்கு வாடகைக்கு எடுத்த கேமரா. விடிகாலையிலேயே நந்தியை எடுத்து முடித்துவிட்டோம். அழகான ஷாட்கள்தான். ஆனால் அந்த மாதம் அங்கே வந்த எல்லார் போனிலும் அதே அழகான ஷாட்கள் இருந்திருக்கும். படம் நிற்க வேண்டியது பேட்டியில்.

பேட்டி கொடுக்க ஒப்புக்கொண்ட பெரியவருக்கு 84 வயது. முழங்கால் வலி, வெயிலில் நந்தி வரைக்கும் நடக்க முடியாது என்று சொல்லிவிட்டார். சரி, வீட்டிலேயே எடுப்போம் என்று சாமான்களைத் தூக்கிக்கொண்டு போனோம். ட்ரைபாடைத் தோளில் வைத்திருந்த நண்பன் வாசலில் நிலையில் நெற்றியை நங்கென்று இடித்துக்கொண்டான். ஓட்டு வீடு, தாழ்ந்த வாசல்.

வீட்டுக்குள் பேட்டி எடுப்பது என்றால் முதல் பகை ஃபேன். கண்ணுக்கு அது ஓடுவதே தெரியாது, காலர் மைக்குக்கு நன்றாகவே கேட்கும். நிறுத்தினால் மே மாத வெயிலில் பெரியவர் வேர்த்துக் கொட்டுகிறார். பத்து நிமிடம் பேச்சு, ஐந்து நிமிடம் காற்று என்று மாற்றி மாற்றி எடுத்தோம். அடுத்தது ஃபிரிட்ஜ். அதை அணைத்தால் திரும்பப் போட மறந்துவிடுவோம், வீட்டுக்காரர்களின் பால் கெட்டுவிடும். அதனால் பைக் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும் என்று சீனியர் ஒருவர் சொல்லிக் கொடுத்திருந்தார். சாவி இல்லாமல் கிளம்ப முடியாதே. பெரியவரின் மருமகள் மட்டும் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இதற்கெல்லாம் தயாராகத்தான் போயிருந்தேன். தயாராகாமல் போனது கேள்விகளுக்கு. எழுதி வைத்திருந்த முதல் கேள்வி இது: "ஊரை விட்டுக் கிளம்பும்போது எல்லாரும் அழுதிருப்பாங்க, இல்லீங்களா ஐயா?"

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அழுதிருப்பாங்க தம்பி" என்றார். அவ்வளவுதான். நான் கொடுத்த சொல்லை மரியாதையாக என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த மூன்று கேள்விகளுக்கும் இதே கதி. போதாக்குறைக்கு, கேள்வியையும் சேர்த்துப் பதில் சொல்லுங்கள் என்று வேறு அவரிடம் சொல்லியிருந்தேன். என் குரலை எடிட்டிங்கில் வெட்டிவிடலாமே என்ற கணக்கு. அதைக் கேட்டதிலிருந்து அவர் பள்ளிக்கூடப் பையன் பாடம் ஒப்பிப்பது போலப் பேச ஆரம்பித்தார்.

ஃபேன் இடைவேளையில், கேள்வித்தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். கேமராவை மறுபடி ஓடவிட்டு, "வண்டியில என்னென்ன ஐயா ஏத்துனாங்க?" என்று மட்டும் கேட்டேன்.

நிறுத்தாமல் பதினோரு நிமிடம் பேசினார். "நாங்க ரெண்டு வண்டி கட்டிக்கிட்டு வந்தோம்" என்று தொடங்கினார். ஆட்டுக்கல்லை ஏற்றலாமா வேண்டாமா என்று நடந்த சண்டை. கடைசியில் ஆட்டுக்கல் ஏறியது, குழவியை மறந்துவிட்டார்கள். நெல்லுக் குதிர்களை உடைத்துவிட்டு வந்தார்கள். வீட்டுக் கதவையும் நிலையையும் பெயர்த்து இரண்டாவது வண்டியில் குறுக்கே போட்டுக் கட்டினார்கள். "ஓடு போனா வாங்கிக்கலாம், நிலை போனா எங்க வாங்கறது?" என்றவர், கையை நீட்டி எங்கள் முதுகுக்குப் பின்னால் காட்டினார். "அந்தத் தம்பி காலைல இடிச்சுக்கிச்சே, அதுதான்."

நண்பன் நெற்றியைத் தடவியபடியே கேமராவை வாசல் பக்கம் திருப்பினான். ஃபோகஸ் ஒரு நொடி போய்த்தான் வந்தது. படத்தில் அது அப்படியேதான் இருக்கிறது.

அன்று இரவு ஃபுட்டேஜைப் போட்டுக் குறிப்பெடுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. 84 வயது என்றால் அவர் பிறந்தது 1940 வாக்கில். அணையைத் திறந்து ஆறு வருடம் ஆகியிருக்கும். அப்படியானால் வண்டி கட்டி வந்த அந்த "நாங்க" யார்?

மூன்று பேருக்குள்ளும் சண்டை வந்தது. பார்க்காததைப் பார்த்த மாதிரி சொல்கிறார், வெட்டு என்றான் ஒருவன். பெயருக்குக் கீழே பிறந்த ஆண்டைப் போட்டுவிடலாம், பார்க்கிறவர்கள் கணக்குப் போட்டுக்கொள்வார்கள் என்றான் இன்னொருவன். எனக்கு அது பெரியவரை மாட்டிவிடுகிற வேலையாகப் பட்டது. இத்தனைக்கும் தப்பு என்னுடையது. யார் சொல்லிக் கேட்டீர்கள் என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டியவன் நான்.

மறுநாள் போன் செய்தேன். "ஐயா, வண்டி கட்டி வந்தது நீங்க பார்த்ததுங்களா?"

"நான் அப்பப் பொறக்கவே இல்லையே தம்பி. எங்கப்பன் சொல்லும், தெனமும் சொல்லும்." பிறகு, நான் எதற்கு இதைக் கேட்கிறேன் என்று புரியாதவர் போல, "ஆனா வந்தது நாங்கதானே?" என்றார்.

அந்த வாக்கியம் கேமராவில் இல்லை. அதற்காகவே ஆகஸ்டில் மறுபடி போனோம். அதற்குள் கர்நாடகத்தில் மழை கொட்டி, ஜூலை 30-ஆம் தேதி அணை 120 அடியைத் தொட்டிருந்தது. நந்தியும் இல்லை, நாங்கள் ட்ரைபாட் வைத்த மேடும் இல்லை. வெயில் குறைந்திருந்ததால் பெரியவர் பைக்கில் பின்னால் உட்கார்ந்து கரை வரைக்கும் வந்தார். போனில் சொன்னதைக் கேமராவுக்கும் அதே சொற்களில் சொன்னார். அப்புறம், நாங்கள் கேட்காமலேயே, தண்ணீரை நோக்கிக் கையை நீட்டி நந்தி இருக்கும் இடத்தைக் காட்டினார். நண்பன் கேமராவைத் திருப்பினான். "அங்க இல்ல, இன்னும் கொஞ்சம் இடது கைப் பக்கம்" என்று திருத்தினார்.

எடிட்டிங்கில் மே மாத ஷாட்டையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பின்னால் தெரியும் மலையை அடையாளமாகக் கொண்டு பார்த்தோம். விரல் சரியான இடத்தில்தான் இருந்தது.