நியூயார்க் பார் தேர்வு: ஃபெடரல் கோரிக்கையும் மாநிலக் கோரிக்கையும் ஒரே வழக்கில் வந்தால்

ரிசல்ட் வந்துவிட்டது. பாஸ் மார்க்கான 266-ஐத் தாண்டியாச்சு, அது போதும்.

எம்பிஇ-க்கு (விடையைத் தேர்ந்தெடுக்கும் பகுதி) எல்லோரும் சொல்வதுதான். கட்டுரையில் நம்மூர் வக்கீல்கள் தடுமாறும் ஓர் இடத்தை மட்டும் சொல்கிறேன். (தேர்வில் வந்ததை வெளியே சொல்லக் கூடாது, இது பயிற்சிக்காக நானே கட்டிய கதை.)

நகரப் போலீஸ்காரர் ஓர் ஆளைக் கைது செய்யும்போது அவரை அடிக்கிறார். அடிபட்டவர் ஃபெடரல் கோர்ட்டில் செக்‌ஷன் 1983-இன் (அதிகாரி உரிமையை மீறினால் வழக்குப் போட வழிதரும் ஃபெடரல் சட்டம்) கீழ் நான்காம் திருத்த மீறல் (கைதில் அளவுமீறிய பலம்) என்றும், மாநிலச் சட்டப்படி பேட்டரி (உடல்மேல் கைவைத்துத் தாக்குவது) என்றும் சேர்த்தே வழக்குப் போடுகிறார். மத்தியச் சட்டமோ மாநிலச் சட்டமோ, நம்மூரில் நாம் ஏறுவது ஒரே கோர்ட் படி. அதனால் இரண்டாவது கோரிக்கை அங்கே எப்படி நுழைந்தது என்று எழுதவே நமக்குத் தோன்றாது. எழுதுங்கள்: ஒரே சம்பவத்தில் பிறந்தவை, கிப்ஸ் வழக்கு (1966), இன்றைக்கு செக்‌ஷன் 1367 (கூடவே வரும் மாநிலக் கோரிக்கையையும் ஃபெடரல் கோர்ட் விசாரிக்க இடம்தரும் சட்டம்).

ஃபிளாஷ் கார்டெல்லாம் எனக்கு ஒத்துவராது. எனக்கு மார்க் வாங்கித் தந்தது ஒரே பழக்கம்: சட்டத்தைத் தொடும் முன் பிரதிவாதிகளைத் தனித்தனியாகப் பிரித்துவிடுவது. திரும்பச் சொல்கிறேன், பிரதிவாதிதான் முதலில்.

- போலீஸ்காரர்: இரண்டு கோரிக்கையும் நிற்கும். குவாலிஃபைட் இம்யூனிட்டி (அதிகாரிகளுக்கான வழக்குப் பாதுகாப்பு) 1983-க்கு மட்டும். பேட்டரிக்கு மாநிலச் சட்டம் தரும் பாதுகாப்புதான்.
- நகரம்: ஊழியர் அடித்தார் என்பதற்காக 1983-இல் மாட்டாது. மோனெல் (1978); கொள்கையோ வழக்கமோ காட்ட வேண்டும். பேட்டரியில் முதலாளி என்ற பொறுப்பே போதும்.
- மாநிலம் (அடித்தவர் மாநிலப் போலீஸ் என்றால்): 1983-இல் அது ‘நபர்’ அல்ல, வில் வழக்கு (1989). மாநிலச் சட்டக் கோரிக்கையை 11-ஆம் திருத்தம் (மாநிலத்தின் மீது ஃபெடரல் கோர்ட்டில் வழக்குப் போடுவதைக் கட்டுப்படுத்துவது) தடுக்கும்.

கடைசி வரியில் கொஞ்சம் நில்லுங்கள். மாநில அதிகாரிக்கு எதிராகத் தடையுத்தரவு மட்டும் கேட்டால் எக்ஸ் பார்ட்டே யங் (1908) காப்பாற்றும் என்று கை தானாக எழுதும். ஃபெடரல் சட்ட மீறலுக்கு மட்டும்தான் காப்பாற்றும். மாநிலச் சட்டத்தைப் பின்பற்றச் சொல்லி மாநில அதிகாரிக்கு ஃபெடரல் கோர்ட் உத்தரவிட முடியாது: பென்ஹர்ஸ்ட் (1984). 1367 அந்தத் தடையை உடைக்காது.

நியூயார்க்கில் நகரத்தின் மீது டார்ட் (பேட்டரி போன்ற தீங்குக்கு நஷ்டஈடு கேட்கும்) வழக்குக்கு 90 நாளுக்குள் நோட்டீஸ் ஆஃப் கிளெய்ம் (கோரிக்கை முன்னறிவிப்பு) தர வேண்டும். 1983-க்கு வேண்டாம், ஃபெல்டர் (1988). கட்டுரைக்கு இது தேவைப்படாது. வேலைக்குப் போனதும் தேவைப்படும்.

சீனியர்களின் பழைய நோட்ஸ் வாங்கியிருந்தால் ஒன்றைத் திருத்திக்கொள்ளுங்கள். ரிமூவ் ஆன (மாநிலக் கோர்ட்டிலிருந்து ஃபெடரல் கோர்ட்டுக்கு மாற்றப்பட்ட) வழக்கில் வாதி பிராதைத் திருத்தி ஃபெடரல் கோரிக்கைகளை முழுக்க எடுத்துவிட்டால், மிச்சத்தை வைத்துக்கொள்வது ஜட்ஜின் விருப்பம் என்று அதில் இருக்கும். 2025 ஜனவரியில் ராயல் கானின் (Royal Canin) வழக்கின் தீர்ப்பு அதை மாற்றிவிட்டது: வழக்கு மாநிலக் கோர்ட்டுக்குத் திரும்பியே ஆக வேண்டும்.