நழுவிய சுருள்வில்

இன்று மாலை டெக்சஸில் என் பக்கத்து வீட்டுக்காரர் தம் கார் கொட்டகையின் தரையில் முழங்காலிட்டு, அரிசி மணியை விடச் சற்றே பெரிய உலோக ஊசியொன்றைக் கைவிளக்கின் வெளிச்சத்தில் தேடிக்கொண்டிருந்தார்.

ஏஆர்-15 என்னும் துப்பாக்கியைப் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டும்போது விரலிலிருந்து நழுவிய ஒரு சுருள்வில், அந்த ஊசியையும் எங்கோ தெறிக்க வைத்துவிட்டதாம்.

காந்தத்தை வைத்துத் துழாவி அதை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

மேசையில் கிடந்த பாகங்களுள் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின் பார்வையில் துப்பாக்கி என்பது ஒன்றே ஒன்றுதான்: வரிசை எண் பொறித்த, கையடக்கமான அலுமினியக் கீழ்க்கூடு, அதாவது விசை பொருந்தும் அடிப்பகுதி. அதை மட்டும் உரிமம் பெற்ற கடையில், பின்னணிச் சோதனைக்குப் பிறகு வாங்கியிருக்கிறார். குழல், தாங்குகட்டை, பிடி எல்லாம் அட்டைப்பெட்டிகளில் வீடு தேடி வந்தவை.

1950களில் யூஜீன் ஸ்டோனர் இந்தத் துப்பாக்கியை வடிவமைத்த ஆர்மலைட், ஃபேர்சைல்ட் என்னும் விமான நிறுவனத்தின் ஒரு பிரிவு என்பதால், அலுமினியம் அவர்களுக்குப் பழகிய உலோகமாக இருந்தது. 1959இல் உரிமை கோல்ட் நிறுவனத்துக்குப் போனது. 1977இல் காப்புரிமை காலாவதியானதும் பல நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும் பாகங்களைச் செய்யத் தொடங்கின. துப்பாக்கியை வீட்டிலேயே பூட்டும் இந்தப் பொழுதுபோக்கே அந்தப் பொருத்தத்தின் மேல்தான் நிற்கிறது.

எனக்கோ, துப்பாக்கி என்றதும் தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லும் எங்கள் ஊர் அறிவிப்புதான் நினைவுக்கு வருகிறது. இவருக்கு அது, நம் வீட்டுப் பையன்கள் சைக்கிளைக் கழற்றிப் பூட்டுவது போன்ற ஞாயிற்றுக்கிழமை வேலை. அந்த எளிமை என்னைச் சற்று அச்சுறுத்துகிறது என்பதை மறைப்பதற்கில்லை.

அவர் ஊசியைத் துடைத்து, இம்முறை கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பூட்டினார்.