தரநிலைப் பட்டியலைப் பாதியாகக் குறைத்த அனுபவம்

நிறுவனத்தின் மென்பொருள் வடிவமைப்பைக் கவனிக்கும் ஆர்க்கிடெக்சர் குழுவில் சேர்ந்ததும் எனக்கு வந்த முதல் வேலை, ‘அங்கீகரிக்கப்பட்ட தொழில்நுட்பங்கள்’ என்ற ஆவணத்தைப் புதுப்பிப்பது. எந்த மொழி, எந்த டேட்டாபேஸ், எந்த மெசேஜ் கியூ, எந்த வெர்ஷன் என்று அதில் வரிசையாக இருக்கும். பட்டியலில் இல்லாத எதையாவது பயன்படுத்த வேண்டுமென்றால் விலக்கு கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். ஏட்டளவில் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் வழங்கப்பட்ட விலக்குகளின் பட்டியல் மூலப் பட்டியலைவிட நீளமாகியிருந்தது. விண்ணப்பிக்காமலேயே ஓடிக்கொண்டிருந்தவை தனிக் கணக்கு.

எழுத உட்காரும் முன் டீம்களிடம் போய்ப் பேசினேன். ஒரு டீம் லீட் நேராகவே சொன்னார்: “வேண்டாம்னு சொல்லிட்டு நீங்க போயிடுவீங்க. ராத்திரி அலாரம் அடிச்சா எழுந்திரிக்கிறது நாங்கதானே?” ஆபரேஷன்ஸ் பக்கம் போனால் இதற்கு நேர்மாறான புலம்பல். ஆளுக்கொரு கருவியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கொண்டுவந்தவர் வேறு டீமுக்கு மாறிவிடுகிறார், அப்புறம் பேட்ச் (பிழைத் திருத்தம்) போடுவது யார் என்று கேட்டார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. இந்த விவாதத்தை ‘கட்டுப்பாடா, சுதந்திரமா’ என்று கொள்கையாகப் பேசினால் எங்கேயும் போய்ச் சேராது என்று எனக்குத் தோன்றியது.

வழி தெரிந்தது ஒரு கோளாறை ஆராய்ந்தபோதுதான். ஒரு ஆர்டருக்கு இரண்டு முறை பணம் பிடிக்கப்பட்டிருந்தது. மூன்று டீம்களின் லாக்குகளை, அதாவது சிஸ்டம் தானே எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவுகளை எடுத்து வரிசைப்படுத்த உட்கார்ந்தோம். முதல் லாக்கில் நேரம், 1970 ஜனவரி 1-லிருந்து எண்ணிய மில்லிசெகண்டாக இருந்தது. இரண்டாவதில் உள்ளூர் நேரம், எந்த நேர மண்டலம் என்ற குறிப்பே இல்லை. மூன்றாவது யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். போதாக்குறைக்கு, ஒரு டீம் ஆர்டர் எண்ணை வெறும் எண்ணாகவும் இன்னொரு டீம் முன்னால் எழுத்து சேர்த்தும் பதிந்திருந்தது. எது முதலில் நடந்தது என்று கண்டுபிடிக்கவே ஸ்ப்ரெட்ஷீட்டில் மதியம் முழுக்க ஓடிவிட்டது. தனித்தனியாகப் பார்த்தால் மூன்று டீமும் செய்தது சரிதான். எங்கள் தரநிலை ஆவணத்தில் லாக் எழுத எந்த லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு), எந்த வெர்ஷன் என்றெல்லாம் விதி இருந்தது. நேரத்தை எந்த வடிவில் எழுதுவது என்று ஒரு வரிகூட இல்லை. டீமுக்கு உள்ளே நடப்பதையெல்லாம் கண்காணித்துவிட்டு, டீம்களுக்கு இடையே நடப்பதைத் திறந்து விட்டிருந்தது அந்த ஆவணம்.

ஒரு நிறுவனத்தில் ஆட்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்களோ அதன் நகலாகத்தான் அவர்கள் உருவாக்கும் சிஸ்டமும் அமையும் என்று மெல்வின் கான்வே 1968-லேயே எழுதிவிட்டார். விரிசல் விடுவது டீம்கள் சந்திக்கும் இடத்தில் என்றால், விதிகளும் அங்கேதானே இருக்க வேண்டும்?

அதன்பிறகு ஆவணத்தின் ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி கேட்டோம்: ஒரு டீம் இதை வேறு மாதிரி செய்தால் அதன் செலவு யார் தலையில் விழும்? அந்த டீம் தலையில் மட்டும் என்றால் விதியை எடுத்துவிடு. அடுத்தவர் தலையில் என்றால் விதி இருக்கட்டும், இல்லாவிட்டால் புதிதாக எழுது. ஃபிரேம்வொர்க், டெஸ்ட் லைப்ரரி, கோப்புறை அமைப்பு எல்லாம் போயின. லாகின், பாஸ்வேர்டுகளையும் சாவிகளையும் வைக்கும் இடம், தனிநபர் தகவல்களைக் கையாளும் முறை, சர்வீஸ்கள் ஒன்றோடொன்று பேசும் ஏபிஐ ஒப்பந்தங்கள் நின்றன. நேரத்துக்கு ஆர்எஃப்சி 3339 என்ற இணையத் தரநிலையின் வடிவம், யுடிசி மட்டும். ஒரு கோரிக்கை எந்தெந்த சர்வீஸ் வழியாகப் போனது என்று தொடர்ந்து பார்க்க வெப் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் ட்ரேஸ் கான்டெக்ஸ்ட் ஹெடர். இது 2020-ல் அதிகாரபூர்வப் பரிந்துரையானது. நாங்கள் பயன்படுத்தும் நிரல்மொழிகளில் ஆதரவு இருப்பதால் யாரும் பெரிதாக முணுமுணுக்கவில்லை. ஆவணம் பாதியாகச் சுருங்கியது.

டேட்டாபேஸில்தான் மாட்டிக்கொண்டோம். பார்க்க டீமின் உள்விவகாரம் மாதிரி இருக்கும். ஆனால் பேக்கப், பாதுகாப்பு பேட்ச், லைசென்ஸ் என்று வெளியே நீளும் வேர்கள் நிறைய. லைசென்ஸ் விஷயத்தில் சட்டப்பிரிவு விட்டுக்கொடுக்கவே இல்லை, அதற்குக் காரணமும் இருந்தது: 2018-ல் மாங்கோடிபி, 2021-ல் எலாஸ்டிக்சர்ச், 2024-ல் ரெடிஸ் என்று பலரும் பயன்படுத்தும் தரவுக் கருவிகள் ஒவ்வொன்றும் லைசென்ஸைக் கூடுதல் கட்டுப்பாடுகளுடன் மாற்றியிருந்தன. அதனால் லைசென்ஸ் சரிபார்ப்பு மையத்திலேயே நின்றது.

மீதிக்கு நெட்ஃபிளிக்ஸ் ‘பேவ்டு ரோடு’ என்றும் ஸ்பாட்டிஃபை ‘கோல்டன் பாத்’ என்றும் சொல்கிற முறையை எடுத்துக்கொண்டோம். நாங்கள் தயார் செய்து வைத்திருக்கும் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸை எடுத்தால் பேக்கப், பேட்ச், கண்காணிப்பு எல்லாம் பிளாட்ஃபார்ம் டீமின் பொறுப்பு. வேறு எடுக்கலாம், தடை இல்லை. ஆனால் அவை அத்தனையும் உங்கள் பொறுப்பு, ராத்திரி அலாரம் உட்பட. இதைச் சொன்ன மாத்திரத்தில் பாதி விண்ணப்பங்கள் தானாகவே வாபஸ் ஆகிவிட்டன.

ஆகாத ஒன்று நினைவிருக்கிறது. ஒரு டீம், தரவுகளுக்கு இடையிலான உறவுகளைத் தேடுவதற்கென்றே உள்ள கிராஃப் டேட்டாபேஸ் வேண்டும் என்றது. மறுப்பதற்குப் பதில், டேட்டாபேஸிடம் நீங்கள் கேட்கப்போகும் கேள்விகளை (குவெரி) காட்டுங்கள் என்று கேட்டு உட்கார்ந்தோம். எல்லாமே இரண்டு, மூன்று படி ஆழம் போகும் உறவுகள். போஸ்ட்கிரஸில் 2009-ல் வந்த 8.4 வெர்ஷனிலிருந்தே இப்படிப் படிப்படியாக உறவுகளைத் தொடரும் ‘வித் ரிகர்சிவ்’ கட்டளை இருக்கிறது. அவர்களே எழுதி ஓட்டிப் பார்த்தார்கள், அவர்களுடைய தரவுக்கு வேகம் போதுமானதாக இருந்தது. அதே காலத்தில் சென்சார் தரவைக் கையாளும் டீம் நேர வரிசையில் வரும் அளவீடுகளுக்கான தனி டைம் சீரிஸ் டேட்டாபேஸ் கேட்டு வாங்கியது. இன்றுவரை அவர்களே ஓட்டுகிறார்கள், நன்றாகவே ஓடுகிறது.

‘எல்லோரும் ஒன்றையே பயன்படுத்த வேண்டும்’ என்பவர்கள் அடிக்கடி எடுத்துவைத்த ஆயுதம் 2021 டிசம்பரில் வெளியான லாக்4ஜே ஓட்டை, அதாவது ஜாவா நிரல்களில் லாக் எழுதப் பயன்படும் லைப்ரரியில் இருந்த பாதுகாப்புக் குறை. அபாய மதிப்பெண் பத்துக்குப் பத்து. எனக்கு அந்த வாதம் பாதிதான் ஒப்பும். எல்லோரும் ஒரே லைப்ரரியை வைத்திருந்ததால்தான் பாதிப்பு அவ்வளவு பரவலாக இருந்தது; ஒரே லைப்ரரி என்பதால் தீர்வும் ஒன்றாக இருந்தது, அதுவும் உண்மை. பலர் திணறியது அது எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியாமல்தான், ஏனென்றால் வேறொரு லைப்ரரிக்குள் இன்னொன்றாகப் புதைந்து கிடந்தது. அதனால் கூடுதலாக ஒரு விதி வைத்தோம்: எதை வேண்டுமானாலும் பயன்படுத்துங்கள், ஆனால் ஒவ்வொரு சர்வீஸும் பொதுப் பட்டியலான கேட்டலாகில் இருக்க வேண்டும், பொறுப்பான டீமின் பெயருடன். உள்ளே என்னென்ன லைப்ரரி இருக்கிறது என்ற பட்டியலை, நிரலை ஓடத் தயாராக்கும் ஒவ்வொரு பில்டும் தானே உருவாக்க வேண்டும்.

விலக்கு விண்ணப்பப் படிவத்தைத் தூக்கிவிட்டு, மைக்கேல் நைகார்டு 2011-ல் முன்வைத்த முடிவுப் பதிவு முறைக்கு மாறினோம். சூழல், முடிவு, விளைவுகள் என ஒரு பக்கம், நிரல் இருக்கும் இடத்திலேயே. நாங்கள் சேர்த்தது காலாவதித் தேதி மட்டும். தேதி வந்தால் டீம் மறுபடி எழுத வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும். ரிவியூ கூட்டம் மாதத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. இயந்திரத்தால் சரிபார்க்க முடிந்த விதிகளையெல்லாம் பில்டுக்குள் போட்டோம். முதலில் எச்சரிக்கை மட்டும், பிறகு பில்டே நிற்கும். நேர வடிவ விதியை மூன்று டீமும் சண்டையில்லாமல் ஏற்றதற்கு ஸ்ப்ரெட்ஷீட்டில் கழிந்த அந்த மதியமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எல்லாம் முடிந்துவிடவில்லை. ‘வாடிக்கையாளர் நிலை’ என்று ஒரு புலம் இருக்கிறது. விற்பனை டீமும் பில்லிங் டீமும் அதில் எழுதுகின்றன, இரண்டும் தனது என்கின்றன. எங்கள் கேள்வியைக் கேட்டால் இரண்டு பக்கமும் செலவு விழுகிறது, பதில் வரவில்லை. இப்போதைக்கு, அந்தப் புலத்தில் புதிய மதிப்பு எதைச் சேர்த்தாலும் இரண்டு டீமும் ஒப்புதல் தர வேண்டும் என்று வைத்திருக்கிறோம். வேலை மெதுவாகத்தான் நகர்கிறது. இரண்டு டீமுக்குமே இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை, அடுத்த மாதக் கூட்டத்தில் மறுபடி வருகிறது.