பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து

சேலத்தில் இரண்டு நூற்பாலைகளின் நேர அலுவலகங்களில் எழுத்தராக வேலை பார்த்து, 2024 ஜூனில் 58 வயது நிறைந்து ஓய்வு பெற்றேன். ஓய்வூதியம் கைக்கு வர எட்டு மாதங்கள் ஆயின. என்னைப் போன்ற ஆலைத் தொழிலாளர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, உதவக்கூடும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

என் அப்பாவும் ஆலைத் தொழிலாளிதான். 1988இல் அவர் ஓய்வு பெற்றபோது, வைப்பு நிதியும் பணிக்கொடையும் மொத்தமாகக் கிடைத்தன, அத்தோடு சரி. 1971இல் வந்த குடும்ப ஓய்வூதியத் திட்டம், பணியில் இருக்கும்போதே தொழிலாளி இறந்தால் அவர் குடும்பத்துக்கு மாதத் தொகை தந்ததே தவிர, உயிரோடு ஓய்வு பெற்றவருக்கு மாதந்தோறும் எதையும் தரவில்லை. அப்பாவின் பணம் அக்காவின் திருமணத்திலும் வீட்டுக் கூரையை மாற்றியதிலும் இரண்டே ஆண்டுகளில் தீர்ந்துபோனது. அதன்பின் வெற்றிலை பாக்கு வாங்கக்கூட அண்ணன்மாரிடம் கேட்டு நின்றார். ஓய்வூதியம் என்பது கருணைத் தொகையன்று, செய்த பணிக்கு உரியது என்று அரசு ஊழியர் தொடர்பான நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982 டிசம்பர் 17 அன்றே தீர்ப்பளித்திருந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு மாத ஓய்வூதியம் தரும் திட்டம் 1995 நவம்பர் 16 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. நான் முதல் ஆலையில் சேர்ந்தது அதற்கு அடுத்த மாதம்.

நம் சம்பளத்தில் பிடிக்கும் 12 விழுக்காடு ஓய்வூதியத்துக்குப் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது முழுவதும் வைப்பு நிதிக்கே போகிறது. முதலாளி செலுத்தும் பங்கிலிருந்து, சம்பளத்தின் 8.33 விழுக்காடுதான் ஓய்வூதிய நிதியில் சேர்கிறது. கடைசி 60 மாதச் சம்பளத்தின் சராசரியைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்தால் வருவதே மாத ஓய்வூதியம். இதற்குக் கணக்கில் எடுக்கும் சம்பளத்தின் உச்சவரம்பு இப்போது 15,000 ரூபாய். 2014 செப்டம்பருக்கு முந்தைய பணிக்காலத்துக்கு மட்டும் 6,500 ரூபாய்.

என் சிக்கல் பணியாண்டுகளில்தான் இருந்தது. முதல் ஆலை 2006 மார்ச்சில் மூடப்பட்டது. பத்தாண்டுகளுக்கு மேல் பணி செய்திருந்ததால் ஓய்வூதியப் பணத்தைத் திரும்பப் பெற முடியாது. அதற்குப் பதிலாக, அந்தப் பணிக்காலத்தைக் காட்டும் திட்டச் சான்றிதழ் கொடுத்தார்கள். 2008இல் அடுத்த ஆலையில் சேர்ந்தபோது அதை ஒப்படைத்திருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. சான்றிதழ் வாங்கிப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, பழைய குடும்ப அட்டையின் பிளாஸ்டிக் உறைக்குள் நான்காக மடித்து வைத்திருந்த அந்தத் தாளைப் பிரித்தபோது, மடிப்பு விழுந்த இடங்கள் பழுப்பேறி, பிறந்த தேதிக்குக் குறுக்கே ஒரு கீறல் விட்டிருந்தது. அதில் என் பெயருக்கு முன்னால் அப்பாவின் எழுத்து இருந்தது. ஆதாரிலும் இரண்டாவது ஆலையின் பதிவுகளிலும் கணவரின் எழுத்து.

ஆலை அலுவலகத்தில், இப்போதைய பணிக்காலத்துக்கு மட்டும் விண்ணப்பித்துவிடுங்கள், பழையதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை. அந்தப் பத்தாண்டை மட்டும் 6,500ஆல் பெருக்கி 70ஆல் வகுத்தாலே மாதம் 929 ரூபாய் வருகிறது. மொத்தப் பணி 20 ஆண்டுகளை எட்டினால் கூடுதலாக இரண்டு ஆண்டுகள் சேர்த்துக் கணக்கிடுவார்கள். அதுவும் பழைய சான்றிதழ் இல்லாமல் கிடைக்காது. ஒருமுறை ஓய்வூதியத்தை நிர்ணயித்த பிறகு திருத்தக் கேட்டு அலைவதைவிட, தாமதமானாலும் முதலிலேயே சரியாகக் கேட்பதுதான் நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

மூடிய ஆலையின் சார்பில் கையெழுத்திட ஆளில்லை. இரண்டு பெயருக்கும் உரியவர் ஒருவரே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதினேன். அப்பாவின் பெயர் உள்ள பள்ளி மாற்றுச் சான்றிதழையும், கணவரின் பெயரோடு என் பெயரும் உள்ள பழைய குடும்ப அட்டையையும் இணைத்து, அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவரிடம் சான்றொப்பம் பெற்றேன். அவர் ஒவ்வொரு தாளையும் அசலோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கையெழுத்திட்டார். அந்தப் பொறுமையை மறக்க மாட்டேன். பிறகு ஓய்வூதியம் கேட்கும் விண்ணப்பமான படிவம் 10டி, கணவரோடு சேர்ந்து எடுத்த புகைப்படம், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகல், இருவரின் ஆதார் ஆகியவற்றோடு சான்றிதழின் அசலையும் கொடுத்தேன். கொடுக்கும் முன் மூன்று நகல்கள் எடுத்துக்கொண்டு, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் வாங்கினேன். நான் பணியிலிருந்து விலகிய தேதியை ஆலையில் பதிவேற்றாததால் விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்தது.

2025 பிப்ரவரியில் ஓய்வூதிய ஆணை வந்தது. அதில் 1995 முதல் உள்ள பணிக்காலம் முழுவதும் இருந்தது. நிலுவைத் தொகை ஒன்றாகக் கணக்கில் சேர்ந்தது. எனக்குப் பின் கணவருக்கு இதில் பாதி கிடைக்கும். ஆண்டுக்கு ஒருமுறை வாழ்நாள் சான்றிதழ் தர வேண்டும். அதை வீட்டிலிருந்தே கைப்பேசியில் முகத்தைக் காட்டிப் பதியலாம்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கும் என் நாத்தனாருக்கு 58 நிறைய இன்னும் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. போன மாதம் மலைக்குப் போனபோது அவளுடைய வைப்பு நிதிப் பதிவையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். “ஒரு எழுத்துதானே அண்ணி, அதுக்கா இவ்வளவு?” என்றாள். தோட்டம் இன்னும் இயங்குகிறது, கையெழுத்திட மேலாளரும் இருக்கிறார். மறுநாள் காலையிலேயே அவளை அழைத்துக்கொண்டு தோட்ட அலுவலகத்துக்குப் போய்த் திருத்தத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் சேலத்துக்குப் பேருந்து ஏறினேன்.