மூன்றாவது முறையில் நெட்: உற்பத்திக் கோட்பாட்டில் நான் சறுக்கிய இடம்

நேற்று மாலை பொருளியல் நெட் (கல்லூரி ஆசிரியர் வேலைக்கான தகுதித் தேர்வு) முடிவு வந்தது. உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்துவிட்டது, ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி உதவித்தொகை) இல்லை. அப்பா அப்போது கொள்முதல் நிலையத்தில், ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு இறங்கட்டும் என்று நெல்லைக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஃபோனில் சொன்னேன். "பாஸா? சரி பாப்பா, வர்றப்ப கோணி ஊசிய எடுத்துட்டு வா" என்றார். அவ்வளவுதான் கொண்டாட்டம்.

முதல் இரண்டு முறையும் நான் தோற்றது பொருளியலில்தான், அதிலும் எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்த உற்பத்திப் பகுதியில்தான். இரண்டாவது முறை விடைக்குறிப்பு வந்த அன்று எண்ணிப் பார்த்தேன். உற்பத்தியும் செலவும் சேர்ந்த கேள்விகளில் ஏழு தப்பு. ஏழு தப்பென்றால் 14 மதிப்பெண். கட்-ஆஃபைத் தொட எனக்குப் போதாமல் போனது 8 மதிப்பெண்தான். இதை எழுதும்போதும் கொஞ்சம் எரிகிறது.

ஏழில் ஐந்து ஒரே குழப்பம். நம் தமிழ்ப் பாடநூலில் ஒன்று "மாறும் விகித விளைவு விதி", மற்றொன்று "விகித அளவு விளைவு விதி". பெயரைப் பாருங்கள், இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே சட்டை போட்டுவிட்ட மாதிரி. பதினொன்றாம் வகுப்பில் இரண்டையும் மனப்பாடம் செய்து தேர்வில் முழு மதிப்பெண் வாங்கினேன். எம்.ஏ.விலும் அப்படியே ஓட்டினேன். நெட்டில் கூற்று–காரணம் கேள்வி வந்தபோதுதான் இரண்டும் வேறு வேறு ஆட்கள் என்று உறைத்தது. பணம் கட்டிச் சேர்ந்த பயிற்சி வகுப்பில் இதற்கு ஒதுக்கிய நேரம் பத்து நிமிடம். "இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்கள்.

எனக்கு அது விளங்கியது வயலில். எங்களுக்கு மன்னார்குடிப் பக்கம் ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர். போன சம்பாவில் அப்பா யூரியாவை ஒரே அளவாகப் போடவில்லை. கோடியில் இருக்கும் மாவுக்கு வரும்போது அரை மூட்டைதான் கையில் இருந்தது. நடு மாவுக்கு ஒரு மூட்டை. அப்புறம் கடன் சொல்லி வாங்கியதில் மிச்சம் இருக்கிறதே என்று வாய்க்கால் ஓரத்து மாவில் ஒன்றரை மூட்டையைக் கொட்டிவிட்டார். அந்த மா மார்கழியில் கரும்பச்சையாக நின்றது. பார்க்கிறவர்கள் எல்லாம் "என்னண்ணே போட்டீங்க" என்று கேட்டார்கள். தை பிறக்கும் சமயத்தில் இரண்டு நாள் மழை பெய்ததும் பாய் விரித்தாற்போல் படுத்துவிட்டது. அறுக்க பெல்ட் வண்டிதான் இறங்க முடிந்தது. நிமிர்ந்து நின்ற மாவை இருபது நிமிடத்தில் முடித்தவன் இதற்கு முக்கால் மணி நேரம் எடுத்தான், வாடகையோ மணிக்கணக்கில்.

நான் களத்தில் மூட்டையை எண்ணினேன். அரை மூட்டை யூரியா போட்ட மாவில் 10 மூட்டை நெல், ஒரு மூட்டை போட்டதில் 12, ஒன்றரை போட்டதில் 9. (மூன்று மாவும் ஒரே மண் இல்லை. விவசாயம் படித்தவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்குப் பாடம் புரிய இது போதும்.) இரண்டாவது அரை மூட்டையின் இறுதிநிலை உற்பத்தி, அதாவது அதனால் கூடிய விளைச்சல், 2 மூட்டை, மூன்றாவதுக்குக் கழித்தல் 3. போடப் போட விளைச்சல் குறையும் மூன்றாம் கட்டம் என்று புத்தகத்தில் படம் போட்டிருந்தது வாய்க்கால் ஓரத்தில் படுத்துக் கிடந்தது. சேற்றில் நின்றபடி அம்மா அப்பாவைக் கேட்டார்: "யூரியா போட்டா நெலமா நீளும்?"

எனக்குத் தேவைப்பட்ட கேள்வி அதுதான். எது அசையாமல் நிற்கிறது? நிலம் நிற்கிறது, யூரியா மட்டும் கூடுகிறது. அப்படியானால் குறுகிய காலம், மாறும் விகிதம். ஒரு மாவுக்கு ஒரு மூட்டை என்பதை இரண்டு மாவுக்கு இரண்டு மூட்டை, இரட்டை ஆள், இரட்டைத் தண்ணீர் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டினால் அது விகித அளவு, நீண்ட காலம். இந்த முறை தேர்வறையில் ரஃப் தாளின் மேலே முதலில் எழுதியது இந்த மூன்று சொல்தான்: எது அசையாமல் நிற்கிறது.

அதற்கு ஒரு கணக்கு. காப்-டக்ளஸ் சார்பில் (உழைப்பும் மூலதனமும் சேர்ந்து எவ்வளவு விளைச்சல் தரும் என்று சொல்லும் சமன்பாடு) உழைப்பின் அடுக்கு 0.6, மூலதனத்தின் அடுக்கு 0.5. கூட்டினால் 1.1, ஒன்றுக்கு மேல், ஆகவே வளர்ந்து செல் விளைவு. இதுவரை எல்லாரும் சரியாகப் போடுவார்கள். "உழைப்பின் இறுதிநிலை உற்பத்தி குறைகிறதா?" என்று அதே கேள்வியில் இன்னொரு வாக்கியம் இருக்கும். நான் இரண்டு முறையும் இல்லை என்று போட்டேன். குறைகிறது, ஏனென்றால் 0.6 ஒன்றுக்குக் கீழே. ஆளை மட்டும் இரட்டித்தால் விளைச்சல் 1.52 மடங்குதான். இரண்டையும் இரட்டித்தால் 2.14 மடங்கு. ஒரே சார்பில் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். இதை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள், வீடியோவில் பார்த்தால் நிற்காது.

மற்றவை, எனக்கு உதவிய வரிசையில்:

– பதிலீட்டு நெகிழ்ச்சி (ஒரு உள்ளீட்டுக்குப் பதில் இன்னொன்றை எவ்வளவு எளிதாக வைக்கலாம் என்பது): லியோன்டிஃப் சார்பு 0, காப்-டக்ளஸ் 1, நேர்கோட்டுச் சார்பு முடிவிலி. டிராக்டரும் டிரைவரும் லியோன்டிஃப். இரண்டாவது டிரைவர் வரப்பில் உட்கார்ந்து பீடி பிடிப்பார். வாய்க்கால் தண்ணீரும் பம்புசெட் தண்ணீரும் நேர்கோடு; பயிருக்கு எது வந்தாலும் ஒன்றுதான்.
– சிஇஎஸ்ஸில் (இந்த நெகிழ்ச்சி மாறாமல் இருக்கும் சார்பு) சிக்மா, அதாவது அந்த நெகிழ்ச்சி, ஒன்று வகுத்தல் (ஒன்று கூட்டல் ரோ). ரோ பூஜ்யமானால் காப்-டக்ளஸ். மனப்பாடம் செய்துவிடுங்கள், அறையில் தருவிக்க நேரம் இருக்காது.
– சராசரி உற்பத்தி உச்சத்தில் இருக்கும்போது இறுதிநிலை உற்பத்தி அதற்குச் சமம். முதல் கட்டம் அங்கே முடிகிறது. இறுதிநிலை பூஜ்யமாகும் இடத்தில் இரண்டாம் கட்டம் முடிகிறது.
– ஆண்டு வரிசை: காப்-டக்ளஸ் 1928, லூயிஸ் 1954, சிஇஎஸ் 1961 (ஆரோ, செனரி, மின்ஹாஸ், சோலோ), சென் 1962, ஷுல்ட்ஸ் 1964.

இதில் லூயிஸ், ஷுல்ட்ஸ் என்ற இரண்டு பொருளியல் அறிஞர்களின் சண்டையை மட்டும் நின்று படியுங்கள். விவசாயத்தில் கொஞ்சம் ஆட்களை எடுத்துவிட்டாலும் விளைச்சல் குறையாது என்பது லூயிஸ் பக்கம். 1918–19 விஷக்காய்ச்சலில் இந்தியாவில் ஆட்கள் இறந்தபோது சாகுபடிப் பரப்பு குறைந்ததைக் காட்டி ஷுல்ட்ஸ் மறுத்தார். எங்கள் ஊரில் இரண்டு பேரும் ஜெயிப்பார்கள். நடவு நேரத்தில் ஒரு ஆள் வராவிட்டால் அன்றைய வேலை நின்றுபோகும். களை எடுத்து முடித்த பிறகு பாதி ஊர் டீக்கடையில். ஏன் வேறுபடுகிறார்கள் என்று புரிந்தால் கூற்று–காரணத்தில் எப்படித் திருப்பிக் கேட்டாலும் மாட்ட மாட்டீர்கள்.

என் படிப்பு நேரம் காலை நாலு முதல் ஏழு வரை. மாடு கறக்க எழுந்தே ஆக வேண்டும் என்பதால் அந்த நேரம். இரவில் படிப்பவர்கள் தாராளமாகப் படியுங்கள், என்னால் முடியாது. குழுவாகச் சேர்ந்து படிப்பதும் எனக்கு ஒத்துவரவில்லை. மூன்றாவது நாளே யாருக்கு எப்போது கல்யாணம் என்ற பேச்சுக்குப் போய்விட்டது. பழைய வினாத்தாள் மட்டும் போதுமா என்றால், என்னைப் பொறுத்தவரை போதும். ஆனால் சரியான விடை ஏன் சரி என்று எழுதாதீர்கள், மற்ற மூன்றும் ஏன் தப்பு என்று எழுதுங்கள். நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் அப்படி எழுதியதுதான் கடைசி வாரத்தில் கையில் இருந்தது.

எல்லாப் பாடத்துக்கும் பொதுவான முதல் தாளுக்கு எப்படிப் படித்தாய் என்று நேற்றிலிருந்து மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அதற்கு நான் ஆள் இல்லை. எண்தொடர் வந்தாலே கை நடுங்கும். தவறான விடைக்குக் கழிப்பது இல்லை என்பதால் தெரியாததற்கெல்லாம் மூன்றாவது விடையையே அழுத்திவிட்டு வந்தேன்.