வன்னிக்கு ஒரு கேம் களஞ்சியம்: இதுவரை நடந்த வேலை

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் எங்கும் திறந்த மூல கேம் செய்பவர்கள் சிதறித்தான் இருக்கிறார்கள். ஒருவரிடம் கோட் (நிரல்) கிடக்கும், இன்னொருவரிடம் படம், வேறொருவரின் போனில் சத்தப் பதிவு. இவை ஓரிடத்தில் சேர்ந்து, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தி மறுபடி வெளியிடக்கூடிய பொதுத் தளத்துக்கான திட்டம் இது. மாதிரிக்கு எடுத்த கேம் கிளித்தட்டு: கோடு கீறிய களத்தில் ஓர் அணி கடந்து போக, மற்ற அணி மறிக்கும் ஆட்டம். மறிக்கும் அணியில் ‘கிளி’ எனப்படுபவர் நடுக்கோட்டிலும் சுற்றுக்கோட்டிலும் ஓடலாம். மற்ற மறிப்பவர்கள் தத்தம் குறுக்குக்கோட்டை விட்டு நகரக்கூடாது. ஆகவே மறிப்பவரின் அசைவு ஒரே அச்சில் முடிந்துவிடும். கோட் கொஞ்சம்தான், ஆனால் படம், ஒலி, தமிழ் எழுத்து மூன்றும் தேவை. களஞ்சியத்தைச் சோதிக்க இது நன்றாகப் பொருந்துகிறது.

தளத்தின் நிறம், அமைப்பு, பெயர் எல்லாவற்றையும் பிறகு மாற்றலாம். ஒரு கோப்பு உள்ளே வரும்போதே அதன் உரிமத்தை (மற்றவர்கள் அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்ற அனுமதியை) எழுதி வாங்காவிட்டால், அதைப் பிறகு சரிசெய்வது பெரும்பாடு. படம் கீறியவர் வெளிநாடு போயிருப்பார், நம்பர் மாறியிருக்கும், யாரிடம் போய்க் கேட்பது? அதனால் சேர்வர் வேலைக்கு முன்னரே உரிம வேலையை முடித்தோம்.

ஐரோப்பிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வகுத்த ‘ரியூஸ்’ முறையைப் பின்பற்றுகிறோம். கோட் கோப்பென்றால் தலையில் இரண்டு வரி: உரிமையாளர் பெயரும் ஆண்டும் ஒன்று, உரிமத்தின் குறும்பெயர் மற்றது. படத்துக்குள்ளும் ஒலிக்குள்ளும் அப்படி எழுத முடியாது. ஆகவே அதே பெயரின் பின்னால் ‘டொட் லைசன்ஸ்’ என்று முடியும் ஒரு சிறிய எழுத்துக் கோப்பைப் பக்கத்தில் வைக்க வேண்டும். ‘ரியூஸ் லிண்ட்’ என்ற கட்டளை, குறிப்பு இல்லாத கோப்பு ஒன்று இருந்தாலே பிழை காட்டும். பிழை தீரும்வரை அந்த மாற்றத்தைச் சேர்ப்பதில்லை. ஆனால் குறிப்பு இருக்கிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும், உண்மையா என்று பார்க்காது. எங்கிருந்து எடுத்தது, யார் பதிவு செய்தது என்பதையும் அந்தச் சிறு கோப்பிலேயே எழுதும்படி கேட்கிறோம்.

கோட் என்றால் ஜிபிஎல் 3 அல்லது எம்ஐடி உரிமம். படத்துக்கும் ஒலிக்கும் கிரியேட்டிவ் கொமன்ஸ் (சிசி) உரிமங்களில் சிசி ஸீரோ, சிசி பை 4.0, சிசி பை எஸ்ஏ 4.0. என்சி (வணிகத்துக்குப் பயன்படுத்தக்கூடாது) என்று வருவது எதுவும் வேண்டாம். ஒலி பகிரும் தளமான ஃபிரீசவுண்டில் நல்ல தவளைச் சத்தம், மழைச் சத்தம் எல்லாம் கிடைக்கும். அவற்றில் கொஞ்சம் என்சி உரிமத்தில் இருக்கும். அப்படி ஒரு கோப்பு போதும், கட்டற்ற அண்ட்ராய்டு செயலிகளுக்கான எஃப்-டிரொய்ட் தளம் அந்தக் கேமின் பக்கத்தில் கட்டற்றதல்லாத உள்ளடக்கம் என்று எச்சரிக்கை போட்டுவிடும். தேடும்போதே உரிம வடிகட்டியைப் போட்டுத் தேடினால் இந்தச் சிக்கல் வராது.

உள்ளூரில் பதிவு செய்யும் ஒலிக்குக் கூடுதல் கவனம் வேண்டும். முல்லைத்தீவுப் பாணியான முல்லைமோடிக் கூத்துப் பாட்டைப் பதிவு செய்தால் பாட்டு பழையதாக இருக்கலாம், பாடியவரின் உரிமை பழையதல்ல. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நிகழ்த்துவோருக்கும் உரிமை கொடுக்கிறது. சம்மதப் படிவத்தைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதியிருக்கிறோம். அதில் இரண்டு விசயங்களைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறோம்: இந்த உரிமத்தில் கொடுத்தால் மற்றவர்கள் இதை வைத்துப் பணம் உழைக்கவும் கூடும்; கொடுத்த உரிமத்தைத் திரும்ப வாங்க முடியாது. இதைப் படிவத்தில் போட்டால் போதாது, கூத்தைப் பழக்கும் அண்ணாவியாருக்கு வாசித்தும் காட்ட வேண்டும். அதற்குப் பிறகும் சரி என்றால்தான் பதிவு.

அடுத்தது தமிழ் எழுத்து. கேம் செய்யும் எஞ்சினான கோடோவின் 3ஆம் பதிப்பில் ‘கொ’ ஒழுங்காக வராது, கொம்பு இடம் மாறி நிற்கும். 2023 மார்ச்சில் வந்த கோடோ 4 ஹார்ஃப்பஸ் என்ற மென்பொருள் மூலம் எழுத்தைச் சேர்ப்பதால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. ஆகவே களஞ்சியத்தில் சேரும் கோடோ வேலைகள் 4 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பில்தான். எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ். எழுத்துருக்களுக்கான கட்டற்ற உரிமமான ஓஎஃப்எல் என்பதால் கேமுக்குள் வைத்தே கொடுக்கலாம், உரிம வாசகமும் கூடப் போக வேண்டும்.

உரையாடல் ஒவ்வொரு எழுத்தாகத் தோன்றும் காட்சியில் இன்னும் ஒரு பொறி இருக்கிறது. கோடோவில் வசனத்தைக் காட்டும் ‘லேபிள்’ பகுதியின் முன்னிருப்பு அமைப்பு (நாம் மாற்றாதவரை இருப்பது), எழுத்தைச் சேர்ப்பதற்கு முன்னரே வசனத்தை வெட்டும். முதலில் ‘க’ வரும், பிறகு திடீரென்று முன்னால் கொம்பு முளைத்து ‘கொ’ ஆகும், வரி முழுக்கத் துள்ளும். ‘விசிபிள் கேரக்டர்ஸ் பிகேவியர்’ என்பதை ‘ஆஃப்டர் ஷேப்பிங்’ என்று மாற்றினால் எழுத்துகள் தம் இடத்திலேயே தோன்றும்.

தேடலில் வேறு சிக்கல். ‘கொ’வை யுனிகோடில் க-வும் ஒற்றைக் குறியான ொ-வும் சேர்த்து எழுதலாம், க, ெ, ா என்று மூன்றாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு. கோப்புப் பட்டியலில் ‘கொக்கு’ இருந்தும் தேடினால் கிடைக்காது. உள்ளே வரும் எல்லாத் தமிழ் வாசகத்தையும் பைத்தனின் ‘யுனிகோட்டேட்டா’ கொண்டு என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இது தீரும். ஒன்று மட்டும் தீராது: ‘ஔ’வுக்குப் பதிலாக ‘ஒ’வும் ‘ள’வும் தட்டியிருந்தால் என்எஃப்சி தொடாது. அதற்குச் சொற்பட்டியல் ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறோம். கோப்புப் பெயர்களோ ஆங்கிலச் சிறிய எழுத்தில் மட்டும். விண்டோஸில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு இல்லாமல் படம் திறக்கும். அதையே அண்ட்ராய்டுக்கு ஏற்றுமதி செய்தால் படம் காணாமல் போகும்.

மூலக் களஞ்சியம் கோட்பெர்க் என்ற இணையத் தளத்தில். கிளிநொச்சியில் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் ஃபோர்ஜெயோ என்ற களஞ்சிய மென்பொருள் ஓடி, அதன் நகலை எடுத்து வைத்திருக்கும். எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பது முன்னிருப்பு, அது போதும். கரண்ட் போய் வரும் இடத்தில் எஸ்டி கார்ட் அடிக்கடி பழுதாகும், எனவே எஸ்எஸ்டியும் சிறிய யுபிஎஸ்ஸும்.

துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கம் போன் டேட்டாவில் வேலை செய்பவர்களுக்குக் கிட் குளோன், அதாவது களஞ்சியம் முழுவதையும் கிட் கருவியால் இறக்குவதுதான் பெரிய தடை. இடையில் லைன் அறுந்தால் முதலிலிருந்து தொடங்கும், போன டேட்டா போனதுதான். ‘கிட் பண்டில்’ அப்படியல்ல. முழு வரலாறும் ஒரே கோப்பு. விட்ட இடத்திலிருந்து இறக்கலாம், பென்டிரைவில் பஸ்ஸில் கொடுத்தனுப்பவும் செய்யலாம். முதல்முறை முழுவதும், பிறகு கடைசிப் பதிப்புக்குறியான டேக்கிலிருந்து புதியது மட்டும். கவனம்: பெரிய கோப்புகளைத் தனியே வைக்கும் எல்எஃப்எஸ் முறையில் உள்ள கோப்புகள் பண்டிலுக்குள் போகாது, வெறும் சுட்டிகள்தான் போகும். எல்எஃப்எஸ் ஃபோல்டரைத் தனியாக நகலெடுக்காவிட்டால் அங்கே திறப்பவருக்குப் படமே இராது. கிளித்தட்டில் எல்எஃப்எஸ் இல்லாமலே சமாளித்தோம்: கிரிட்டா, பிளெண்டர் என்னும் படம் செய்யும் மென்பொருள்களின் மூலக் கோப்புகள் வேறு களஞ்சியத்தில், கேமுக்குள் சிறிய பிஎன்ஜியும் ஓக் ஒலியும் மட்டும். கோடோ தானே உருவாக்கும் ‘டொட் கோடோ’ ஃபோல்டர் கிட்டுக்குள் போகக்கூடாது. படம், ஒலியின் அமைப்புகளை வைத்திருக்கும் ‘டொட் இம்போர்ட்’ கோப்புகள் போகத்தான் வேண்டும்.

பிரவுசரில் விளையாடும் பதிப்புக்குக் கோடோ 4.3 அல்லது அதற்குப் பிந்தியது. அதற்கு முந்திய 4 வரிசைக்குச் சேர்வரில் சிறப்பு ஹெடர்கள் (பக்கத்தோடு அனுப்பும் குறிப்புகள்) போட வேண்டும், இலவச வெப் ஹோஸ்டிங் இடங்களில் அது பெரும்பாலும் முடியாது. 4.3இல் ஒற்றை இழையில் (த்ரெட்) ஓடும் பதிப்பு வந்ததால் சாதாரண இடமே போதும். ஆனாலும் எஞ்சின் கோப்பு சுருக்காத நிலையில் 30 எம்பிக்கு மேல். எனவே பக்கம் திறந்ததும் கேம் இறங்கக்கூடாது: முதலில் ஒரு படம், எத்தனை எம்பி என்ற எண், அழுத்தினால்தான் தொடக்கம். அண்ட்ராய்டு நிறுவல் கோப்பான ஏபிகேயை ஆம் 64 சிப்புக்கும் பழைய போன்களின் ஆம் வி7 சிப்புக்கும் தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் சிறிதாக இருக்கும்.

ஏபிகேக்கு ஒப்பமிடும் சாவிக் கோப்பான கீஸ்டோர் ஒருவரின் லாப்டொப்பில் மட்டும் இருக்கக்கூடாது. அது தொலைந்தால் புதிய பதிப்பைப் பழையதன் மேல் நிறுவ அண்ட்ராய்டு விடாது. எல்லாரும் அழித்துவிட்டு மறுபடி போட வேண்டிவரும், சேமித்த ஆட்டமும் போகும். இரண்டு பேரிடம், இரண்டு ஊரில், கடவுச்சொல்லைத் தனியாக வைப்பதென்று முடிவு.

இனி மிச்சம்: ஆட்டச் சத்தங்களைப் பள்ளிக்கூட மைதானம் ஒன்றில் பதிவு செய்வது, பிள்ளைகளின் பெற்றோரிடம் சம்மதப் படிவம் வாங்குவது, ஆம் வி7 போன் ஒன்றில் கிளித்தட்டை ஓடவிட்டுப் பார்ப்பது.