கீரியை நிஜமாகவே அவிழ்த்துவிட்டவர்

திருமங்கலம் சந்தைக்கு ஒரு மோடி மஸ்தான் வருவார். முளைக்குச்சியில் கட்டிய கீரி, மூடி போட்ட பாம்புக்கூடை, நடுவில் ஒரு மண்டையோடு. "இப்போ கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப்போறேன்" என்று ஆரம்பிப்பார். பாதியில் கிளம்பினால் ரத்தம் கக்குவாய் என்று மிரட்டுவார், தாயத்து விற்பார், கடைசியில் கூடையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார். அப்பாவோடு எத்தனை வாரம் நின்றிருப்பேன்! சண்டையை மட்டும் கண்ணால் பார்த்ததில்லை.

வேலைக்காகக் கலிபோர்னியா வந்த புதிதில், எங்கள் தெருவில் ஒரு பெரியவர் வீட்டு வாசலில் பழைய சாமான்களைப் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார். அதில் ஒரு சின்ன சிவப்பு ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார். மேல்கூட்டைத் தூக்கினால் உள்ளே எஞ்சின் தெரியும். பக்கவாட்டு ஸ்டிக்கரில் பாதி உரிந்துபோய், 'மங்கூஸ்'. இதற்கு ஒரு மஞ்சள் ஜோடி உண்டு, பெயர் 'ஸ்நேக்', அது எங்கேயோ தொலைந்துபோயிற்று என்றார். கீரி இருக்கிறது, பாம்பைக் காணோம். சிரித்துக்கொண்டே வாங்கினேன். முன் அச்சு வளைந்திருந்தது. உருட்டிவிட்டால் வலப்பக்கமாக இழுக்கும்.

அன்று ராத்திரி தேடிப் படித்துத்தான் டாம் மெக்யூவன் என்ற டிராக் ரேஸ்காரரைத் தெரிந்துகொண்டேன்.

டிராக் ரேஸ் தெரியாதவர்களுக்கு: வளைவு கிடையாது. இரண்டு கார், நேர்கோட்டில் கால் மைல், அதாவது 402 மீட்டர். முதலில் போய்ச் சேர்ந்தவன் ஜெயித்தான், மற்றவன் வீட்டுக்கு. (2008இல் ஸ்காட் கலிட்டா விபத்தில் இறந்தபிறகு, நைட்ரோமீத்தேன் எரிபொருளில் ஓடும் அதிவேகக் கார்களுக்கு மட்டும் 1,000 அடியாகக் குறைத்துவிட்டார்கள்.) டான் ப்ரூடோம் என்ற இன்னொரு ரேஸ்காரருக்குப் 'பாம்பு' என்று ஏற்கெனவே பட்டப்பெயர். 1964இல் மெக்யூவன் ஓட்டிய காரின் சொந்தக்காரர் எட் டோனவன், பாம்பை அடிக்க ஒரு கீரி வேண்டும் என்று இவருக்கு 'மங்கூஸ்' என்று பெயர் வைத்தார். அந்த வருஷமே லயன்ஸ் ஓடுதளத்தில் முதல் மோதல். கீரி ஜெயித்தது.

பெயர் வைத்தது வேறொருவர்தான். ஆனால் அந்தப் பெயரை வைத்துக் கடை போட்டது மெக்யூவன். அதுவரை டிராக் ரேஸ்காரர்களுக்குப் பெரும்பாலும் காசு கொடுத்தது ஆயில் கம்பெனியும் ஸ்பார்க் பிளக் கம்பெனியும்தான். இவர் போய் நின்றது ஹாட் வீல்ஸ் செய்யும் மேட்டல் என்ற பொம்மைக் கம்பெனி வாசலில். 1970இல் ப்ரூடோமின் மஞ்சள் பாரகூடா காரும் மெக்யூவனின் சிவப்பு டஸ்டர் காரும் ஊர் ஊராகப் போய் மோதின. அதே இரண்டும் பொம்மையாகக் கடைக்கு வந்தன. இருவரும் கூட்டாளிகள், நண்பர்கள். மேடையில் மட்டும் பரம வைரிகள்.

கணக்கைப் பார்த்தால் போட்டியே இல்லை. டிராக் ரேஸ் நடத்தும் அமெரிக்க அமைப்பான என்ஹெச்ஆர்ஏவின் தேசியப் போட்டிகளில் ப்ரூடோமின் வெற்றி 49. நம்மாளுக்கு 5. வாய்ச்சவடால் பேர்வழி என்று அவரைச் சொல்பவர்கள் உண்டு, தப்பும் இல்லை. ஆனால் அந்த வாய் இல்லாமல் அத்தனை கூட்டம் வந்திருக்குமா? எனக்கு 49ஐவிட இந்த 5தான் பிடிக்கும்.

நான் அவரை நேரில் பார்த்ததில்லை. பொமோனா ஓடுதளத்துக்கு முதல்முறை போனபோது அவர் ஓட்டுவதை நிறுத்திப் பல வருஷம் ஆகியிருந்தது. அங்கே எந்த டிக்கெட் வாங்கினாலும் கார்களைப் பழுது பார்க்கும் இடத்துக்குள் போய்விடலாம். பத்தடி தூரத்தில் நைட்ரோமீத்தேன் எஞ்சினை உசுப்பினார்கள். மிளகாய் வற்றல் கருகிய அடுப்படியில் மாட்டிக்கொண்ட மாதிரி கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் நெஞ்சாங்கூட்டுக்குள் வந்துவிட்டது. என் மனைவி காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். நான் நகரவில்லை.

2018 ஜூன் 10, ஞாயிற்றுக்கிழமை. மெக்யூவன் இறந்துவிட்டார், வயது 81. அன்று ராத்திரி வழக்கம்போல அப்பாவுக்குப் போன் செய்தேன். அங்கே திங்கள் காலை. குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

"என்னடா, ஒரு மாதிரி இருக்க?"

சொன்னேன். கீரி, பாம்பு, பொம்மைக் கார், எல்லாம்.

"நம்ம மோடி மஸ்தான் மாதிரியா? கடைசி வரைக்கும் சண்டைய விட்டாய்ங்களா, இல்ல தாயத்துதானா?"

"விட்டாங்கப்பா. அதுவும் ஒருநாள் நெசமாவே."

1978 கதையைச் சொன்னேன். இண்டியானாபொலிஸில் யு.எஸ். நேஷனல்ஸ், இந்த விளையாட்டின் ஆகப்பெரிய போட்டி. அதற்குச் சில நாள் முன்னால்தான் மெக்யூவனின் மகன் ஜேமி ரத்தப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்திருந்தான். அப்பன் காரை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். ஒவ்வொரு சுற்றாக ஜெயித்து இறுதிச்சுற்றுக்கு வந்தால், எதிர்த் தடத்தில் ப்ரூடோம். அந்தக் காலத்தில் வருஷா வருஷம் சாம்பியன் பட்டத்தைத் தூக்கிக்கொண்டிருந்த மனுஷன். ஆறு விநாடியில் முடிந்துவிட்டது.

"யாருடா ஜெயிச்சது?"

"கீரிப்பா."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"பய பாக்கலையேடா" என்றார் அப்பா.